கிணற்றுத் தவளையும் கூட வாழும் மீன்களும்

ஆறு இல்லாத ஊர் யாழ்ப்பாணம். வழுக்கையாறு என்று ஒன்று உண்டு. அதுவும் மாரி மழைக்கு மட்டும் ஓடி, அராலிப் பக்கம் கடல்நீரேரியில் கலந்து, கோடையில் வெறும் தரவையாகக் கிடக்கும். ஆகவே இங்கே நீர் என்றால் அது நிற்கும் நீர்தான். குளத்தில் நிற்கும், கிணற்றில் நிற்கும், கிணற்றடித் தொட்டியில் நிற்கும். நிற்கும் நீர் எங்கே உண்டோ அங்கே தவளையும் மீனும் உண்டு.

"கிணற்றுத் தவளைக்கு நாட்டு வளப்பம் ஏன்?" என்று பழமொழி சொல்லி அந்தச் சிறு உயிரை நாம் ஏளனம் செய்து வந்திருக்கிறோம். ஆனால் குடாநாட்டுக் கிணறுகளில் தவளை தனித்து வாழ்வதில்லை. அதனுடன் மீனும் சேர்ந்து வாழ்கிறது. அந்த இருவரும் நம் வீட்டுச் சுகாதாரத்துடன் எவ்வளவு நெருங்கிய தொடர்புடையவர்கள் என்பதைச் சென்ற மார்கழியில் வலிகாமத்து உறவினர் வீடுகளில் ஒரு கிழமை தங்கியபோது நேரில் பார்த்தேன். வாசகிகளுக்கும் அது பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

சுண்ணக்கல்லும் நன்னீரும்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே பஸ்ஸில் போனால் கொக்குவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரும். வீதியின் இரு பக்கமும் செம்மண் தோட்டங்கள். வெங்காயமும் புகையிலையும் மரவள்ளியும் தெரியும். இவற்றுக்கெல்லாம் நீர் கிணற்றிலிருந்துதான் வருகிறது.

குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கல். அது துளைகளும் வெடிப்புகளும் நிறைந்த கல். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை அதற்குள் இறங்கித் தேங்குகிறது. சுற்றிவரக் கடல் இருப்பதால் ஆழத்தில் உப்புநீர் உண்டு. மழைநீர் அதைவிடப் பாரம் குறைந்தது. ஆகவே உப்புநீரின் மேல் அது ஒரு படலம் போல மிதக்கிறது. நவக்கிரியில் இருக்கும் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மேலே நன்னீர், கீழே போகப்போக உப்பு. கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர்க் கேணியில் குளிக்கக் கிடைப்பதும் இந்தச் சுண்ணக்கல்லின் கொடைதான்.

தவளைக்கு இந்த மேல் நீர்தான் உயிர். அது வாயால் நீர் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. சுவாசத்தின் ஒரு பகுதியும் தோல் வழியேதான். நீரில் உப்புக் கூடினாலும், தோட்டத்துக்கு அடித்த மருந்து கலந்தாலும் அது நேரே தவளையின் உடம்புக்குள் போய்விடும். ஆகவே பெரும்பாலான தவளைகள் கடல்நீரேரிப் பக்கம் போவதில்லை. மீனுக்குச் செதிலாவது கவசமாக உண்டு. தவளைக்கு அதுவும் இல்லை.

குளத்தில் ஒரு பங்கீடு

நகரத்து ஆரியகுளம் 2021 ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்டபின் மாலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பலரும் உலாவ வருகிறார்கள். ஆனால் தவளைக் கச்சேரி கேட்க வேண்டுமென்றால் கிராமத்துக் குளங்களுக்குத்தான் போகவேண்டும். மழை விட்ட இரவில் வயலோரக் குளத்தருகே நின்றால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் கேட்காது.

மீனும் தவளையும் ஒரே குளத்தில் சண்டையின்றி வாழ்கின்றன என்று நினைக்கக்கூடாது. மீன் தவளை முட்டையையும் வாற்பேயையும் தின்னும். பெரிய தவளை சிறு மீனைப் பிடித்து விழுங்கும். இரண்டும் நிலைத்திருப்பதற்குக் காரணம் இடப் பங்கீடு. பல தவளைகள் குளத்தை விட்டு, மழைக்கு மட்டும் தேங்கும் பள்ளங்களில் முட்டையிடும். அங்கே மீன் வந்து சேராது. அந்தப் பள்ளம் வற்றுமுன் வாற்பேய் கால் முளைத்துத் துள்ளிப் போய்விட வேண்டும். குளத்துக்குள்ளேயே வளரும் வாற்பேய்களுக்குத் தாமரையும் பாசியும் மறைவிடம் கொடுக்கும். தேரையின் கறுத்த வாற்பேய்கள் கூட்டமாகத் திரிந்தாலும் பெரும்பாலான மீன்கள் தொடுவதில்லை, அவற்றின் உடம்பில் கசப்பான நச்சுப்பொருள் உண்டு.

நீரின் மேல் கல்லெறிந்தாற்போல் தத்தித் தத்திப் போகும் ஒரு தவளையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கிணற்றுக்குள் கண்ணை மட்டும் வெளியே காட்டிக்கொண்டு மிதப்பதும் பெரும்பாலும் அதுதான். முதுகில் வெளிறிய கோடு ஓடும் பெரிய பச்சைத் தவளை இன்னொன்று. அது வளர்ந்தபின் நீர்த்தாவரங்களையே கூடுதலாகத் தின்னும் என்று தமிழ்நாட்டில் செய்த ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. தவளைகளுக்குள்ளும் மரக்கறிக்காரர் உண்டு!

மாமியின் கிணறு

நான் தங்கிய வீட்டில் மாமிக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கிணற்றடியில் துலா இருந்த தூண் மட்டும் நிற்கிறது, நீர் இறைப்பது மோட்டர்தான். கட்டில் சாய்ந்து உள்ளே பார்த்தேன். ஒரு தவளை கல்லிடுக்கில் இருந்தது. அதன் கீழே சிறு மீன்கள் கூட்டமாக ஓடின.

"மாமி, குடிக்கிற கிணத்துக்குள்ள மீன் விட்டிருக்கிறியளோ?"

"விடாமல் என்ன பிள்ளை? என்ர மாமியும் விட்டவ, நானும் விடுறனான். மீன் இல்லாத கிணத்துத் தண்ணியை நான் நம்பமாட்டன்."

பரம்பரையாக வந்த இந்த வழக்கத்தின் பெறுமதி இப்போது கூடியிருக்கிறது. இலங்கை மலேரியாவால் பட்ட துன்பம் சிறியதல்ல. 1934, 1935 ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். மருந்து தெளித்துக் கட்டுப்படுத்தி, 1963 இல் 17 நோயாளர் என்ற நிலைக்கு வந்தோம். நோய் போய்விட்டது என்று கவனம் தளர்ந்ததும் அது திரும்பியது. 1969 இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. பின்னர் நீண்ட உழைப்பின் பயனாக 2012 க்குப் பிறகு உள்நாட்டில் தொற்றிய நோயாளர் இல்லாமற் போக, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

அதே 2016 இன் முடிவில்தான் மன்னாரில் ஒரு புதிய நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. அனோபிலஸ் ஸ்டீபன்சி என்பது அதன் பெயர். இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இதுவே. பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் இதைக் கண்டார்கள். இந்த நுளம்பு சேற்று நீரைத் தேடிப் போவதில்லை. துப்புரவான கிணற்று நீரிலும் சீமெந்துத் தொட்டியிலும் முட்டையிடும். வெளிநாட்டிலிருந்து மலேரியாவுடன் வரும் ஒருவரை இது கடித்தால் நோய் மறுபடி பரவ வழி உண்டு. ஆகவேதான் மலேரியாத் தடை இயக்கத்தினர் கிணறுகளில் குடம்பி உண்ணும் மீன்களை விடுகிறார்கள். எங்கள் மாமிமார் செய்ததும் இதைத்தான்.

இவ்வாறு விடப்படுவதில் பெயர் பெற்றது கப்பி மீன். தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. முட்டையிடாமல் குஞ்சு ஈனும், விரைவில் பெருகும், அழுக்கு நீரையும் தாங்கும். நம் நாட்டு மீன்களிலும் இந்த வேலைக்கு ஏற்றவை உண்டு. தலையில் வெள்ளிப் பொட்டு வைத்தாற்போல் மின்னிக்கொண்டு, நீரின் மேற்பரப்பிலேயே திரியும் சிறு மீனைக் குளங்களில் பார்த்திருப்பீர்கள். நுளம்புக் குடம்பியும் சுவாசிக்க மேலேதான் வரவேண்டும். ஆகவே அந்த மீனுக்கு அது இலகுவான இரை. மூடிய கிணற்றில் கப்பி இருப்பதில் கெடுதி குறைவு. குளத்திலோ வாய்க்காலிலோ விட்டால் அது நாட்டு மீன்களுடன் போட்டிக்கு வரும்.

டெங்குவைப் பரப்பும் நுளம்பு வேறு. அது பூச்சாடித் தட்டிலும் சிரட்டையிலும் பழைய டயரிலும் பெருகுவது. 2017 இல் இலங்கை முழுவதும் 1,86,000 க்கு மேற்பட்டோர் டெங்குவுக்கு ஆளானார்கள். கடலோரத்து உவர்நீரிலும் அந்த நுளம்புகள் வளரப் பழகிவிட்டன என்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல்துறையின் ஆய்வுகள் காட்டியுள்ளன. சிரட்டைக்குள் மீன் விட முடியாது. அதைக் கவிழ்த்துத்தான் வைக்கவேண்டும். கிணற்றடித் தொட்டிக்கு மீன், சிரட்டைக்குக் கை என்று மாமி சுருக்கமாகச் சொன்னா.

பூட்டிய படலைக்கு அப்பால்

மாமியின் கவலை தன் கிணற்றைப் பற்றியதல்ல. வேலிக்கு அங்கால் உள்ள வளவு பல வருடங்களாகப் பூட்டிக் கிடக்கிறது. சொந்தக்காரர் ஐரோப்பாவில். கிணற்றின் மேல் பூவரசங்கிளை விழுந்து, சருகு நிறைந்து கிடக்கிறது. போன மாரியில் மாமியின் பேத்திக்கு டெங்கு வந்து ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தவள். எந்த நுளம்பு எங்கிருந்து வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? ஆனாலும் அந்தக் கிணற்றைப் பார்க்கும்போதெல்லாம் மாமிக்கு நெஞ்சு பதைக்கிறது.

"அடுத்தவன்ர வளவுக்குள்ள கேளாமல் எப்பிடிப் போறது பிள்ளை? காணிப் பிரச்சினை எண்டு கதை கட்டிவிடுவினம்."

அந்த அச்சமும் நியாயமானதே. போரும் இடப்பெயர்வும் கண்ட மண்ணில் காணி என்பது மெல்லிய நரம்பு. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழுந்து போனவர்களின் நிலங்கள் 2010 ஆம் ஆண்டையொட்டித் தொடங்கி கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. திரும்பி வந்தவர்கள் சிலர் வீட்டைக் காணவில்லை, கிணற்றை மட்டும் கண்டார்கள். கீரிமலைப் பக்கம் போகும்போது கூரையில்லாத சுவர்களுக்கிடையே அப்படிப்பட்ட கிணறுகளை நானும் பார்த்தேன். மனிதர் இல்லாத அந்தக் காலத்தில் கிணற்றுக்குள் இருந்து குரல் கொடுத்தது தவளை மட்டும்தான்.

நான் இருக்கும்போதே மாமியின் மகன் அந்தச் சொந்தக்காரரின் தொலைபேசி இலக்கத்தைத் தேடிப்பிடித்து அழைத்தார். மாமியே பேசினா. மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, "அக்கா, அது அம்மா கட்டின கிணறு. உங்கட கிணறு மாதிரி நினைச்சுப் பாருங்கோ. செலவு என்னெண்டு சொல்லுங்கோ, நான் அனுப்பிறன்" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

அடுத்த நாள் காலை படலை திறந்தது. ஆட்களைப் பிடித்துக் கிளையை வெட்டி, சருகை அள்ளி, மேலே வலை கட்டினார்கள். வலை கட்டுமுன் மாமி தன் தொட்டியிலிருந்து இருபது மீன் அளவில் வாளியில் கொண்டுபோய், வாளிக்குள் அந்தக் கிணற்று நீரைச் சிறிது சிறிதாகக் கலந்து, அரைமணி நேரம் விட்டபிறகே மெல்ல இறக்கினா. உள்ளே ஏற்கெனவே இரண்டு தவளைகள் இருந்தன. "அவையும் இருக்கட்டும். அவையின்ர ஊர்தானே" என்றா.

ஸ்காபரோவில் ஒரு தவளை

அன்று மாலை கனடாவில் ஸ்காபரோவிலிருந்து மாமியின் மூத்த மகள் வீடியோவில் வந்தா. அவவின் பத்து வயது மகள் தன் கண்ணாடித் தொட்டியைக் காட்டினாள். கப்பி மீன்களுடன் இரண்டு சின்னஞ்சிறு தவளைகள். ஆபிரிக்கக் குள்ளத் தவளை என்று பெயர். வளர்ந்தாலும் பெருவிரல் நீளந்தான். வாழ்நாள் முழுவதும் நீருக்குள்ளேயே இருந்து, மூச்சுக்கு மட்டும் மேலே வரும்.

"அம்மம்மா, ஒண்டு மெலிஞ்சு போச்சு. சாப்பாடு போட்டாலும் சாப்பிடுதில்லை" என்று பிள்ளை அழாக்குறையாகச் சொன்னாள்.

மாமி திரையை உற்றுப் பார்த்தா. "சாப்பிடாமல் இல்லைப் பிள்ளை. அதுக்கு முதல் மீன் சாப்பிட்டு முடிக்குது. கோழிக்குஞ்சுக்குத் தீன் போடேக்க சேவலைக் கலைக்கிறேல்லையோ? முதல் மீனுக்கு ஒரு பக்கத்தில போடு. அது அங்க நிக்கேக்க, தவளைக்கு அடியில ஒரு சின்னச் சட்டி வைச்சு அதுக்குள்ள போடு."

அது சரியான வைத்தியம். இந்தத் தவளைக்குக் கண்பார்வை மந்தம். மணத்தால்தான் இரையைத் தேடும். வேகமான மீன்களுடன் போட்டிபோட அதனால் முடியாது. மீனும் தவளையும் ஒரே தொட்டியில் வளர்ப்போர் பலர் தவளையை இழப்பது பட்டினியால்தான். அடியில் தட்டு வைத்து, உறைநிலையிலிருந்து இளகவைத்த புழுவை நீண்ட இடுக்கியால் அதன் முகத்தருகே கொடுப்பது நல்ல முறை.

வெளிநாட்டில் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் உறவினருக்கு மேலும் சில குறிப்புகள் சொல்லலாம். தொட்டி அதிக ஆழமாக இருக்கக்கூடாது. இளஞ்சூடான நீர் வேண்டும், 24 முதல் 26 பாகை செல்சியஸ் போதும். துணையாக கப்பி, டெட்ரா போன்ற சிறிய சாதுவான மீன்களே ஏற்றவை. தங்கமீன் குளிர்ந்த நீருக்குரியது, வாய்க்கு அடங்கியதை விழுங்கும். மீன் நோய்க்குப் போடும் உப்பும் செம்பு கலந்த மருந்தும் தவளையின் தோலைத் தாக்கும். குழாய் நீரிலுள்ள குளோரினை நீக்கியே ஊற்றவேண்டும். மூடியும் அவசியம், தவளை துள்ளி வெளியே விழுந்தால் காய்ந்து இறந்துவிடும்.

குள்ளத் தவளை என்று நினைத்து நகத்தவளைக் குஞ்சை வாங்கிவிடுவதும் உண்டு. முன் கையைப் பார்த்தால் தெரியும். குள்ளத் தவளைக்கு நான்கு பாதங்களிலும் விரலிடைத் தோல் இருக்கும். நகத்தவளைக்கு முன் விரல்கள் தனித்தனியாக இருக்கும். அது கையளவு வளர்ந்து தொட்டி மீன்களைத் தின்றுவிடும்.

இந்த நகத்தவளைக்குப் பெண்களுடன் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1930 களில் தென்னாபிரிக்காவில் லான்சலொட் ஹொக்பன் என்ற விஞ்ஞானியின் ஆய்விலிருந்து கர்ப்பப் பரிசோதனை முறை ஒன்று பிறந்தது. பெண்ணின் சிறுநீரைப் பெண் நகத்தவளைக்கு ஊசியால் ஏற்றினால், அவள் கர்ப்பிணியாயின் தவளை ஒரு நாளுக்குள் முட்டையிடும். 1960 கள் வரை பல நாட்டு ஆஸ்பத்திரிகளில் இதற்காகவே தவளைகளை வளர்த்தார்கள். பின்னர் தப்பியும் விடப்பட்டும் போன தவளைகள் சில நாடுகளில் காட்டுயிராகப் பெருகின. உலகெங்கும் தவளைகளை அழித்துவரும் தோல் பூஞ்சண நோய் பரவியதில் இந்த வணிகத்துக்கும் பங்குண்டோ என்று ஆய்வாளர் ஐயுறுகிறார்கள்.

ஆகவே அலுத்துப்போன தொட்டி உயிரை எந்தக் குளத்திலும் விடக்கூடாது. இலங்கையிலேயே, தொட்டிக்கென்று கொண்டுவந்த கத்தி மீனும், தொட்டிச் சுவரைச் சுரண்டித் தின்னும் உறிஞ்சுவாய் மீனும் ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் குடியேறிவிட்டன.

இன்னொரு எச்சரிக்கை தாய்மாருக்கு. 2008 முதல் 2011 வரை அமெரிக்காவில் குள்ளத் தவளைத் தொட்டிகளிலிருந்து சல்மொனெல்லா கிருமி நூற்றுக்கணக்கானோருக்குத் தொற்றியது. பெரும்பாலோர் சிறுபிள்ளைகள். தொட்டி நீரைத் தொட்டால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும். தொட்டியைக் குசினியில் கழுவக்கூடாது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்த வேலையிலிருந்து விலகியிருப்பது நல்லது. கிணற்றுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். மீனும் தவளையும் இருப்பதால் மட்டும் நீர் குடிக்க உகந்தது ஆகிவிடாது. கொதித்து ஆறிய நீரையே குடிக்கவேண்டும்.

சகோதரிகளே, கிணறு இறைக்கும்போதும் குளோரின் இடும்போதும் மீன்களை முன்கூட்டியே பிடித்துக் கிணற்று நீருள்ள தொட்டியில் வையுங்கள். குளோரின் மணம் முற்றாக அகன்றபின் திரும்ப விடுங்கள். மீன் தேவையானால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். பூட்டிக் கிடக்கும் வளவுகளின் கிணறுகளை மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு கொப்பியில் எழுதி, சொந்தக்காரர் எங்கே இருக்கிறார் என்று விசாரியுங்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் படலை திறக்கலாம். அடுத்த மாரிக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. மழை வந்தபின் தேடுவதைவிட இப்போதே தேடுவது இலகு.